ஐந்தாவது லாரி

லாரி ஷோரூமின் பயிற்சிக்கூடத்தில் அன்று இறுதித் தேர்வு. மலைப்பாதையில் ஓடும் எட்டு லாரிகளின் தானியங்கி கியர்பாக்ஸ் நிலவரம் அங்கயற்கண்ணியின் திரையில் ஒவ்வொன்றாக வரும். டிரைவரிடம் பேசிப் பார்த்து, வண்டி ஓடலாமா, நிறுத்த வேண்டுமா என்று அவள் சொல்ல வேண்டும். எட்டில் ஏழு கம்ப்யூட்டர் உண்டாக்கியவை; டிரைவரின் குரல்கூடப் பொய். ஒன்று மட்டும் நிஜ லாரி. அது எதுவென்று யாருக்கும் சொல்லமாட்டார்கள்.

ஐந்தாவது லாரியின் டிரைவர், "இறக்கத்துல கியர் மாறும்போது வண்டி உதறுதும்மா" என்றார். ஆயில் சூடும் கொஞ்சம் கூடியிருந்தது. ஆனால் குரலில் பதற்றமே இல்லை. நிஜ மனிதன் இப்படிப் பேசமாட்டான் என்று நினைத்து, "ஓடலாம்" என்றாள்.

முடிவு வந்தது. எட்டுக்கு ஏழு, தேர்ச்சி. தவறியது ஐந்தாவது.

"சார், அது நிஜ வண்டியா?"

"எனக்கே தெரியாதும்மா. ஏழு எடுத்துட்டே, சந்தோஷமாப் போ" என்றார் பயிற்சியாளர் குலசேகரன்.

அவர் நீட்டிய சான்றிதழை அவள் வாங்கவில்லை. திரையில் ஐந்தாவது லாரிக்கு நேரே இருந்த டிரைவரின் போன் எண்ணைத் தன் போனில் அழைத்தாள். பொய் எண்ணாக இருந்துவிடக் கூடாதா என்று தவித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

யாரோ எடுத்தார்கள். காற்று இரைந்தது. "வண்டி எப்படிண்ணே இருக்கு?" என்று அவள் கேட்டதும் அதே பதற்றமில்லாத குரல் பதில் சொன்னது.

"கியர் பிடிக்கல. வண்டியப் பாறையில சாச்சு நிறுத்திட்டேன். கால் மாட்டிக்கிச்சு, ஆளுங்க எடுத்துட்டிருக்காங்க. ஓடலாம்னு சொன்ன பொண்ணு நீதானா?"

பேசாமல் போனை வைத்துவிடலாம்.

"ஆமாண்ணே" என்றாள். "நான்தான்."