புதுக் கூலன்ட்

புதுக் கூலன்ட் வந்ததிலிருந்து பட்டறையில் ஓர் உருப்படியும் உருப்படியாக வரவில்லை. லேத்தில் பத்துத் தண்டு கடைந்தால் ஆறு அளவு தப்பியது. இருக்கிற ஒரே பெரிய ஆர்டரும் போய்விடுமோ என்று பயந்த முதலாளி, கூலன்ட் விற்றவரை வரவழைத்தார்.

"இரும்பு சூடேறாம இருக்க ஊத்துற எண்ணெய்தானே? அதுல என்னய்யா கோளாறு?"

"சார், இதைவிட உசத்தி ரகமே கிடையாது," என்று விற்பனையாளர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

"நானும் காலையிலேருந்து மெஷினை விட்டு நகராம ஆளுங்களுக்குச் சொல்லிக்கொடுக்கறேன் மாமா. அப்படியும் இந்த லட்சணம்!" என்று உச்சுக்கொட்டினார், மேற்பார்வை பார்க்கும் மாப்பிள்ளை.

முதலாளி லேத்காரரைத் தனியாக அழைத்தார். "நீ என்னய்யா சொல்ற?"

"பழைய கூலன்ட்டையே ஊத்திடலாங்க."

"அந்தக் கண்றாவியையா? செத்த எலி மாதிரி நாறுமே! மாப்பிள்ளை பட்டறைக்குள்ள காலே வைக்க மாட்டாரே!"

"ஆமாங்க," என்றார் லேத்காரர், மிகவும் பணிவாக.

முதலாளி அறையின் கண்ணாடி வழியே பட்டறையைப் பார்த்தார். மாப்பிள்ளை, ஓடிக்கொண்டிருந்த மெஷினில் எதையோ திருகிவிட்டு, ஆபரேட்டரின் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பழைய பீப்பாய் திறக்கப்பட்டது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார் மாப்பிள்ளை. "மாமா, அங்க மனுஷன் நிக்க முடியாது! இனிமே உங்க ரூம்லயே உட்கார்ந்து கணக்கு வழக்கைப் பாத்துக்கறேன்."

முதலாளி எழுந்து கதவைத் திறந்து, லேத்காரரைப் பார்த்துக் கத்தினார்.

"யோவ்! இங்கயும் ரெண்டு வாளி கொண்டாய்யா!"