வீட்டுக்குன்னு ஒரு பாத்தி

"அப்படி என்னத்தைத்தான் வாங்கிப் போட்டீங்க மாப்பிள்ளை, என் பொண்ணுக்கு?"

கேட்டு முடிப்பதற்குள் அற்புதசாமியின் குரல் உடைந்துவிட்டது. மகள் பிரான்சிக்குச் சர்க்கரை என்று நேற்று ராத்திரி போனில் சேதி வந்தது. காலை வேலையை முடித்த கையோடு, கொள்ளிடக்கரையிலிருந்து பஸ் ஏறி, கைலாசபுரம் குவார்ட்டர்ஸுக்கு ஓடி வந்திருந்தார். பாவம், முப்பத்தொரு வயதுதான் அவளுக்கு. ஊதினால் பறக்கிற உடம்பு. பரம்பரையில் யாருக்கும் கிடையாது. எந்தத் தகப்பனுக்குத்தான் மனசு தாங்கும்?

"அவரைத் திட்டாதீங்கப்பா" என்று அடுப்படியிலிருந்து பிரான்சி குரல் கொடுத்தாள்.

"டாக்டரம்மா என்னதான் சொன்னாங்க?"

"இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாதாம் மாமா" என்றான் டோமினிக். "ஆனா காய்கறிக்கு அடிக்கிற மருந்து வருஷக்கணக்கா கொஞ்சங்கொஞ்சமா உள்ள போனா, ஒல்லியா இருக்கறவங்களுக்கும் சர்க்கரை வரலாம்னு ஆராய்ச்சியில சொல்றாங்களாம்."

"அதான் பாத்தேன்! எங்க வீட்டுல இருந்தவரைக்கும் தலைவலின்னு படுத்திருப்பாளா?" மடியிலிருந்த பையை அவன் பக்கம் தள்ளினார். "இந்தாங்க. வேலியோரம் வீட்டுக்குன்னு தனியாப் போட்ட பாத்தியில பறிச்சது. இனிமே இதைத்தான் சமைக்கணும். கண்ட கடையிலயும் வாங்காதீங்க."

டோமினிக்குக்குக் கோபம் வரவில்லை. மாமனாரின் தவிப்பு அவனுக்குப் புரிந்தது.

"கண்ட கடையில வாங்குவேனா மாமா? சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். சொன்னா காசு வாங்காம குடுத்தனுப்புவீங்க, உங்களுக்கு எதுக்கு நஷ்டம்னு..."

"என்ன சொல்றீங்க?"

"பக்கத்துலயே கடை இருந்தும், கல்யாணமான நாள்லேருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு ஜமீல் பாய் கடைக்குத்தான் போறேன். மத்த மூட்டையைத் தொடவே மாட்டேன். 'எங்க மாமனார் தோட்டத்து மூட்டையைப் பிரிங்க பாய்'னு கேட்டுத்தான் வாங்குவேன். நம்ம பாப்பாவுக்கும் தாத்தா தோட்டத்துக் கத்தரிக்கான்னா உசுரு."

அற்புதசாமி தான் தள்ளிவைத்த பையைப் பார்த்தார்.

தோட்டம் முழுக்க நேற்றுச் சாயங்காலம் மருந்தடித்து, இன்று விடியலில் பறித்து, ஜமீல் பாய் கடைக்கு மூட்டைகளை அனுப்பிவிட்டுத்தான் அவர் மகளைப் பார்க்க பஸ் ஏறியிருந்தார்.