மாப்பிள்ளை கேட்ட சேவல்

“புது மாப்பிளைக்கு அறுக்காம இத ஆருக்குப் புள்ள வெச்சிருக்காய்?” வாப்பா கத்தியோடு நின்றார்.

“வேற கோழி வாங்குங்க வாப்பா. இந்த இனத்தில மிஞ்சினது இது ஒண்டுதான்.”

ஜெஸீலா சேவலை அணைத்துக்கொண்டாள். கழுத்தில் இறகே இல்லாத ஊர்ச்சேவல். சுனாமி அவளுடைய கோழிகளையெல்லாம் கொண்டுபோன அன்று, இது மட்டும் பள்ளிவாசல் கூரையில் நின்று கூவியது.

நேற்று நிக்காஹ் முடிந்து, ஊர் வழக்கப்படி பெண் வீட்டுக்குக் குடிவந்திருந்த தஸ்லீம் அறைக்குள்ளிருந்து குரல் கொடுத்தான்.

“மாமா, பொண்ணு பார்க்க வந்த அண்டைக்கு முற்றத்தில ஒரு கழுத்து மொட்டச் சேவல் நிண்டிச்சே, அது எங்க?”

“கேட்டியா? மாப்பிளையே கேக்காரு!”

ஜெஸீலா கண்கலங்கி அறை வாசலுக்குப் போய்ச் சேவலை நீட்டினாள். தஸ்லீம் அதை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, தன் பெட்டிக்குப் பக்கத்திலிருந்த கூடையைத் திறந்தான். உள்ளே கழுத்தில் இறகில்லாத இரண்டு பேட்டுக்கோழிகள்.

“இதுகளுக்குச் சோடி தேடி ரெண்டு வருசமா அலைஞ்ச நான் மாமா.”

கண்ணீரோடேயே ஜெஸீலா சிரித்துவிட்டாள். வாப்பா கத்தியைக் கீழே வைத்தார்.

“நாங்கெல்லாம் பொண்டாட்டி வீட்டுக்குக் குடிவந்த ஆக்கள் மருமகன். இவன் கெட்டிக்காரன், பொண்டாட்டிமாரத் தன்ட வீட்டுக்கே எடுத்திட்டான்!”