ராணி பறந்தது சரிதான்

"இந்த ஆன்லைன் மனுவுல கையெழுத்துப் போடும்மா. சீரியல் முடிவை மாத்தச் சொல்லி ஊரே போடுது." கல்லாவில் இருந்த அம்மாவிடம் போனை நீட்டினான் மகன்.

டிராகன் தொடரின் கடைசிப் பகுதியில், விதவை ராணி மகுடத்தைக் கழற்றி மகனிடம் கொடுத்துவிட்டு, தளபதியோடு டிராகனில் பறந்துவிட்டாள்.

"இந்த வயசுல அவளுக்கு இது தேவையா?"

"ஆறு சீசனா அவளுக்குக் காவல் நின்னவன்டா. வேற யாரோட போவா?"

"பெத்த மகனை நெனச்சுப் பாத்தாளா?"

"தாடி வெச்ச மகனுக்குத் தாலாட்டா பாடணும்?"

"இப்ப போடுவியா, மாட்டியா?"

"மாட்டேன். நேத்து வேற இடத்துல போட்டுட்டேன்."

"எங்க?"

"ரிஜிஸ்டர் ஆபீஸ்ல. சாட்சியா இல்லடா, கல்யாணப் பொண்ணா."



அப்பா போனபின் கடையைத் தாங்கி நின்ற மேனேஜர் மாமா, இரண்டு ஹெல்மெட்டுகளோடு உள்ளே வந்தார்.

அம்மா இடுப்பிலிருந்த கல்லாச் சாவியைக் கழற்றி மகன் கையில் வைத்தாள்.