குதிரை எழுத்து

2024 மார்ச் 4, ஓமானின் சோஹார் துறைமுகம். சீன சூப்பர்வைசர் லியூ ஐந்து பேரின் ஹெல்மெட்டில் மார்க்கரால் ஒரே சீன எழுத்தை எழுதினார். கிரேன் ஓட்டும் ஆசையில் இருந்த சோலைமுத்துவும் அதில் ஒருவன்.

"என்னடா எழுதியிருக்கான்?" என்று கேட்டான் சோலைமுத்து.

"குதிரையாம். லியூகிட்டயே கேட்டேன்," என்றான் வெறும் ஹெல்மெட்டுடன் நின்ற ரூம்மேட் வீரபாண்டி. "சுமை தூக்க அஞ்சு பேராம். கிரேன் கனவெல்லாம் கலாஸ்!"

சோலைமுத்து ஆத்திரத்துடன் பெயின்ட் தின்னரால் எழுத்தைத் துடைத்தான்.

மறுநாள் லியூ விடுப்பில் போய்விட்டார். கிரேன் பயிற்சியாளர் வந்தார்.

"ஹெல்மெட்டில் லியூ எழுதியது, கடிவாளத்தைத் தளர்த்தியதும் குதிரை பாயும் பாய்ச்சலுக்கான பழைய சீனச் சொல். கிரேன் பயிற்சிக்குத் தேறியவர்களுக்கு மட்டும் எழுதுவார். எழுத்து உள்ளவர்கள் வேனில் ஏறுங்கள்."

ஐந்து பேர் ஏறினார்கள். கடைசியாக ஏறியவன் வீரபாண்டி. அவன் ஹெல்மெட்டில் அந்த எழுத்து கோணலாக இருந்தது.