கோட்டைத் தொட்ட பந்து

மர்ஸா நகரின் காலை வெயில் செம்மண் டென்னிஸ் மைதானத்தில் பாதியை எட்டியிருக்கிறது. கோட்டருகே குந்தியிருக்கிறார் முன்ஜி. மண்ணில் நெல்லிக்காய் அகலத்துக்கு ஒரு பந்துத் தடம். நேற்று சிநேகிதர் துஹாமி அடித்தது. நாற்பதுக்கு நாற்பது, 'டியூஸ்' என்று நின்ற ஆட்டம். அதற்குமேல் அடுத்தடுத்து இரண்டு புள்ளி எடுத்தவனுக்கே கேம். "வெளிய" என்று விரலைத் தூக்கியவர் முன்ஜி. "நல்லாப் பாத்தியாடா?" "பாத்தேன்டா." வலையைச் சுற்றி வந்து தடத்தைப் பார்த்திருக்கலாம் துஹாமி. "நீ சொன்னா சரிதான்" என்று சிரித்துத் திரும்பியவர், நாலு எட்டு வைப்பதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அந்தக் களேபரத்தில் யாரும் மைதானத்தைப் பெருக்கவில்லை.

மைதானக்காரர் ரிதா, மண்ணைப் பெருக்கும் கோரைப்பாயை இழுத்துக்கொண்டு வந்து நிற்கிறார். "பெருக்கிரட்டுமாண்ணே? பத்து மணிக்கு துஹாமிண்ணன் அடக்கம். எல்லாரும் கெளம்பிட்டாங்க."

"இருப்பா."

தடத்தின் ஓரம் வெள்ளைக் கோட்டில் நகக்கீற்று அளவுக்கு ஏறியிருக்கிறது. கோட்டைத் தொட்டால் உள்ளேதான். நேற்றும் அது அவர் கண்ணுக்குத் தெரிந்தது. முன்ஜி எழுந்து தன் காலாலேயே தடத்தைத் தேய்த்து அழிக்கிறார். செம்மண்ணில் தடத்தைத் தானே அழிப்பவன் புள்ளியை விட்டுக்கொடுக்கிறான்.

"அட்வான்டேஜ் துஹாமி" என்கிறார் முன்ஜி, வலைக்கு அப்பால் பார்த்து. இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் கேம் துஹாமிக்கு. முன்ஜி இடது மூலைக்கு நடந்துபோய், முழங்காலை மடக்கி, மட்டையில்லாத கைகளை முன்னால் நீட்டி, துஹாமியின் சர்வீஸுக்குக் காத்து நிற்கிறார்.