மருந்துப் பை யாருக்கு?

"அக்கா, என் பையை முதல்ல பாருங்க!"

ஆரியசாலையில் சூடாமணியின் மிளகாய் மொத்தக் கடைக்குள் கிரிஷ் மூச்சிரைக்க நுழைந்தான். நுழைந்ததும் நாலு தும்மல் போட்டான். பின்னாலேயே ஆதர்ஷ், காய்கறி வாங்கப் போகிறவன் போல ஒரு பிளாஸ்டிக் கவரை ஆட்டிக்கொண்டு வந்தான்.

மறுநாள் அவர்களுடைய நடைக்குழு அகஸ்தியர்கூடம் மலைக்குக் கிளம்புகிறது. பன்னிரண்டு பேர், தலைவி சூடாமணி. "கடைசியில கயிறு பிடிச்சு ஏறணும். எல்லாரையும் கூட்டிட்டுப் போக முடியாது, கேட்டியளா. எட்டுப் பேருதான் உச்சிக்கு. யாருன்னு நான் சொல்லுவேன்" என்று அவள் அறிவித்த நாளிலிருந்து கிரிஷுக்குத் தூக்கமே இல்லை. இந்த வருடம்தான் அவன் குழுவில் சேர்ந்தான். மழை விட்ட காலைகளில் மொட்டைமாடியிலிருந்து நீலமாகத் தெரிகிற அந்த உச்சியில் ஒரு தடவையாவது நிற்க வேண்டும் என்பது பள்ளிக்கூட நாளிலிருந்தே அவனுக்கு ஆசை. போகப்போகிறேன் என்று தெரு முழுக்கத் தம்பட்டம் வேறு அடித்துவிட்டான்.

மண்டையைக் குடைந்துகொண்டு ஒரு வழி கண்டுபிடித்தான். மருந்துப் பை சுமக்கிறவனை விட்டுவிட்டு மற்றவர்கள் உச்சிக்குப் போவார்களா? போகவே மாட்டார்கள். அந்தப் பை கைக்கு வந்தால் எட்டில் ஓர் இடம் உறுதி! 'நான் சுமக்கிறேன் அக்கா' என்று முந்திக்கொண்டான். சூடாமணியோ, "நீயும் ஒரு பை கட்டிக் கொண்டா. ஆதர்ஷும் கொண்டு வரட்டும். நல்லா இருக்கிறது எதோ, அது" என்று சொல்லிவிட்டாள்.

"திற மக்கா, பாப்போம்" என்றாள் இப்போது.

கிரிஷ் ஜிப்பை இழுத்தான். "காய்ச்சலுக்கு, அலர்ஜிக்கு, வயித்துப்போக்குக்கு, எல்லாம் தனித்தனி கவர். தண்ணி புகாது. வெளியில பேரும் எழுதி ஒட்டியிருக்கேன்."

"இது பாதி ஸ்ட்ரிப் அல்லே? தேதி எங்க இருக்கு?"

இந்தக் கேள்விக்காகவே அவன் காத்திருந்தான். "மெடிக்கல்காரர் தேதி இருக்கிற பக்கத்தை வெச்சுக்கிட்டு மறுபக்கத்தை வெட்டித் தந்தார். நான் விடல்லை அக்கா. தேதி இருக்கிற துண்டுதான் வேணும்னு நின்னு வாங்கினேன்!"

"வெயில்ல மாத்திரை சூடாகாதா?"

"மேல் பாக்கெட்டுல வெச்சாத்தான் சூடாகும். நான் பைக்கு நடுவுல, துண்டுல சுருட்டி வெப்பேன்."

"யாருக்கு எது ஒத்துக்காது?"

"எல்லார் வீட்டுலயும் ஏறி இறங்கிக் கேட்டாச்சு!" கிரிஷ் ஒரு தாளை விரித்தான். "சபீனாவுக்கு இந்த வலி மாத்திரை ஆகாது. குடுத்தா முகம் வீங்கிரும். சிவப்பு மையில எழுதியிருக்கேன்."

"அடிபொளி!" என்று சூடாமணி தன்னை மறந்து பாராட்டிவிட்டாள். கிரிஷுக்குத் தலைகால் புரியவில்லை.

"இனி நீ காட்டு" என்று ஆதர்ஷிடம் திரும்பினாள்.

ஆதர்ஷ் கவரிலிருந்து ஒரு பழைய ஊறுகாய் பாட்டிலை எடுத்தான். கலர் கலராக மாத்திரைகள் அதில் குலுங்கின. "எல்லாத்தையும் பிரிச்சு ஒண்ணாப் போட்டுட்டேன் அக்கா. இடம் மிச்சம்."

"எது எதுக்குடே?"

"வெள்ளை, காய்ச்சலுக்கு. மஞ்சள்..." பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "அதுவும் காய்ச்சலுக்குத்தான்னு தோணுது."

"இந்த ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுக்குத் தேதி முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சே!"

"உப்பும் சர்க்கரையும்தானே அக்கா? அது எங்க கெடப் போகுது?"

சூடாமணி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கோபத்தில் பேச்சே வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, கிரிஷ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். இப்படி ஒரு மண்டூகத்தோடா தன்னைப் போட்டிக்கு விட்டார்கள்!

"பை கிரிஷுக்கு" என்றாள் சூடாமணி.

கிரிஷ் துள்ளிக் குதித்தான். மிளகாய் மூட்டையில் முழங்காலை இடித்துக்கொண்டான். அந்த வலியும் இனித்தது. தோற்ற ஆதர்ஷே அவன் கையைப் பிடித்துக் குலுக்கி, "நீதான்டே அதுக்குப் பொருத்தமான ஆளு" என்றபோது, பாவம், நல்ல மனசுக்காரன் என்று கிரிஷுக்குத் தோன்றியது.

மறுநாள் விடிந்தும் விடியாததுமாகத் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் கூடினார்கள். பிறந்த குழந்தையை வைத்திருப்பது போலப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிரிஷ் நின்றான். சூடாமணி நடக்கும் வரிசையைச் சொன்னாள்.

"நான் முன்னால. மருந்துப் பை கடைசியில."

"கடைசியிலயா?"

"பின்னே? தள்ளாடி வாறவங்களுக்குத்தானே மருந்து வேணும்? முன்னால போறவங்களுக்கு எங்கிட்ட ஒரு சின்னப் பொட்டலம் இருக்கு. யாராவது முடியாம பாதியில திரும்பினா, நீயும் அவங்களோட இறங்கிரணும். நம்ம குழுவுல முதல்ல இருந்தே அப்பிடித்தான்."

"அதெல்லாம் யாரும் திரும்ப மாட்டாங்க அக்கா" என்றான் கிரிஷ். சொல்லிவிட்டு எல்லாருடைய கால்களையும் ஒரு தடவை நோட்டம் விட்டான்.

அப்போது ஓர் ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து, இரண்டு முழங்காலிலும் பட்டை கட்டிய பகவதிப்பெருமாள் அண்ணாச்சி மெல்ல இறங்கினார். குழுவைத் தொடங்கியவர் அவர்தான். வயது அறுபதைத் தாண்டிவிட்டது.

"இந்த வருஷம் எனக்குத் துணை நீயா மக்கா?" என்று கிரிஷின் தோளைத் தட்டினார். "ஒண்ணுக்கும் பயப்படாத. ரெண்டாவது ஆத்துக்கிட்ட எனக்கு முட்டு பிடிச்சுக்கும், திரும்பிரலாம். வருஷா வருஷம் அப்பிடித்தான்."

கிரிஷின் முகத்தில் ஈயாடவில்லை. திரும்பி ஆதர்ஷைப் பார்த்தான். அவன் அதற்குள் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, காது வரை சிரித்துக்கொண்டிருந்தான்.

"மூணு வருஷமா அந்தப் பை எங்கிட்டத்தான்டே இருந்துது" என்றான். "நானும் ஒரு தடவை உச்சியைப் பாக்க வேண்டாமா?"